காவலாளியே, நீ யாருக்குக் காவல்?

நம்ம சபையிலே ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போகிற சகோதரர்கள் உண்டு. அந்தக் காவல் வேலையையே பெரிய கம்பெனியாக்கின ஒருவருடைய வாழ்க்கையை வாசித்தேன். அவர் பெயர் ஆலன் பிங்கர்ட்டன். அதிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

1. எளிய ஆரம்பம்

1819-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பட்டணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மரப்பீப்பாய் செய்வது தொழில். தொழிலாளிக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று போராடினவர்களோடு சேர்ந்தார். 1842-ல் ஜோன் என்பவரை விவாகம்பண்ணி, அதே வருஷம் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே ஒருநாள் பீப்பாய்க்கு மரம் வெட்ட ஆற்றுத் தீவுக்குப் போனவர், கள்ளப்பணம் அடிக்கிறவர்களின் மறைவிடத்தைக் கண்டு, அவர்களைப் பிடித்துக்கொடுக்க உதவினார். வாழ்க்கையே திரும்பிற்று! 1850 வாக்கில் சிகாகோவில் துப்பறியும் கம்பெனி தொடங்கினார். திறந்த கண் அதின் அடையாளம். தூங்குவதேயில்லை என்பது அதின் பெருமை.

2. எளியவர்களுக்குக் காவல்

தப்பியோடி வந்த அடிமைகளுக்கு அவர் வீடு அடைக்கலமாயிருந்தது. அது சட்டப்படி குற்றம், ஆனாலும் பயப்படவில்லை. 1859-ல் ஜான் பிரவுன் மீட்டுக்கொண்டு வந்த அடிமைகள் கனடா சேரும்படி பணம் திரட்டிக் கொடுத்தார். 1861-ல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்லச் சதி என்று கேள்விப்பட்டு, ராத்திரி ரயிலில் அவரைப் பத்திரமாய் வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

3. காவல் திசை மாறிற்று

கம்பெனி பெருத்தது. கூலி கொடுத்தவர்கள் யார்? ரயில் முதலாளிகள், சுரங்க முதலாளிகள். 1870-களில் பென்சில்வேனியா நிலக்கரித் தொழிலாளிகளுக்குள்ளே வேவுகாரனை அனுப்பினார். அங்கே கொலைகள் நடந்தது மெய்தான். ஆனால் வழக்கு நியாயமாய் நடக்கவில்லை என்று சரித்திரக்காரர் பலர் சொல்லுகிறார்கள். 20 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

1884-ல் அவர் மரித்தபின் குமாரர்கள் நடத்தினார்கள். 1892-ல் ஹோம்ஸ்டெட் இரும்பாலை வேலைநிறுத்தத்தில் அந்தக் கம்பெனியின் சுமார் 300 காவலாளிகள் தொழிலாளிகளோடு மோதினார்கள். இருபக்கமும் உயிர்கள் போயின. மறுவருஷமே, இப்படிப்பட்ட ஆட்களை அரசாங்கம் கூலிக்கு அமர்த்தக் கூடாதென்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

பாருங்க! தொழிலாளிக்காகப் போராடின வாலிபன் கட்டின கம்பெனி, தொழிலாளிக்கு எதிரே துப்பாக்கி பிடித்து நின்றது. ஒரே நாளில் அல்ல. ஒவ்வொரு ஒப்பந்தமாக மாறிற்று.

பிரியமானவர்களே, தூங்காமல் விழித்திருப்பது மட்டும் போதாது. யாருக்காக விழித்திருக்கிறோம்? சகோதரனுக்கு நான் காவலாளியா என்று காயீன் தட்டிக்கழித்துக் கேட்டான். நம்முடைய கூலி எங்கிருந்து வந்தாலும், அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லுகிறோமா? இந்த வாரம் வீட்டிலே உட்கார்ந்து, ஒவ்வொருவரும் நிதானித்துப் பார்ப்போமாக.