லினக்ஸ் கணினிக்கு பாட்காஸ்ட் மைக்: 16 பயனுள்ள குறிப்புகள்

உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா போன்ற கட்டற்ற இயங்குதளத்தில் பாட்காஸ்ட் பதிவு செய்ய ஒரு மைக் கேட்டால், "இது விண்டோஸுக்கும் மேக்குக்கும்தாங்க" என்ற பதில்தான் பல கடைகளில் கிடைக்கும். அட்டைப்பெட்டியில் லினக்ஸ் பெயர் இல்லாததால் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் யுஎஸ்பி மைக்குகளில் பெரும்பாலானவை லினக்ஸில் செருகிய உடனே வேலை செய்யும். நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மைக்கின் வேலை மைக்கிலேயே முடிகிறதா? கம்பெனியின் செயலியை நிறுவினால்தான் முழுப் பயன் என்றால் அந்த மைக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்கும் முன்

1. புதுக் கணினி தேவையில்லை. பேச்சைப் பதிவு செய்வது கணினிக்கு மிக லேசான வேலை. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோவில் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 350 எம்பி இடம்தான் பிடிக்கும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் வந்தது. அப்படி ஒன்று அலமாரியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு வசதியாக ஓடும். மிச்சமாகும் பணத்தை மைக்கில் போடலாம்.

2. பெட்டியில் இந்தச் சொற்களைத் தேடுங்கள். 'கிளாஸ் கம்ப்ளையன்ட்', 'பிளக் அண்ட் பிளே', 'டிரைவர் தேவையில்லை'. இவற்றில் ஒன்று இருந்தால் நல்ல அறிகுறி. யுஎஸ்பி வழியாக ஒலி எப்படிப் போக வேண்டும் என்பதற்கு யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொதுத் தரம் 1998-இலேயே வந்துவிட்டது. இந்தத் தரத்துக்கான டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே அடங்கியிருக்கிறது. தரத்தை மதிக்கும் மைக்குக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

3. ஐபேடில் ஓடுமா என்று கேளுங்கள். கடைக்காரருக்கு லினக்ஸ் தெரியாமல் இருக்கலாம்; ஐபேட் தெரியும். ஐபேடில் ஒரு மைக் தனிச் செயலி இல்லாமல் இயங்குகிறது என்றால், அது அந்தப் பொதுத் தரத்தைப் பின்பற்றுகிறது என்று பொருள். அநேகமாக லினக்ஸிலும் இயங்கும். குரோம்புக், பிளேஸ்டேஷன் பெயர்கள் பெட்டியில் இருந்தாலும் இதே கணக்குதான். முடிந்தால் உங்கள் மடிக்கணினியையே கடைக்கு எடுத்துச் சென்று செருகிப் பாருங்கள். அதைவிட உறுதியான பதில் கிடையாது.

4. செயலி இல்லாமல் எது மிஞ்சும் என்று பாருங்கள். ஷூர் எம்வி7 நல்ல மைக். லினக்ஸில் அதன் ஒலி தடையின்றி வரும். ஆனால் குரல் ஏறி இறங்கும்போது தானே அளவைச் சரிசெய்யும் வசதியை இயக்க மோடிவ் என்ற செயலி வேண்டும். கணினியில் அது விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் கிடைக்கிறது. விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படும் இரைச்சல் நீக்கம், குரல் மெருகு போன்றவை பல மைக்குகளில் இப்படிச் செயலிக்குள்தான் இருக்கின்றன. நமக்குக் கிடைக்காத வசதிக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

5. பொத்தானும் திருகியும் மைக்கின் உடம்பிலேயே இருக்கட்டும். மியூட் பொத்தான், ஹெட்போன் துளை, ஹெட்போன் ஒலியளவு இவை மூன்றும் மைக்கிலேயே இருப்பது அவசியம். ஹெட்போன் துளை இருந்தால் உங்கள் குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும்; எதிரொலி போலத் தாமதித்துக் கேட்காது. கெயின் எனப்படும் உள்ளீட்டு அளவு மைக்கில் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. லினக்ஸின் ஒலி அமைப்புகளிலேயே பெரும்பாலும் அதைக் கூட்டிக் குறைக்கலாம்.

எந்த வகை?

6. நம் வீட்டு அறைக்கு டைனமிக் மைக். கண்டென்சர் மைக் நுட்பமானது. அமைதியான, மெத்தை வைத்த ஸ்டூடியோவில் அது அழகாகப் பேசும். கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, தெருவில் ஹார்ன் என்றிருக்கும் வீட்டில் அத்தனையையும் சேர்த்தே பிடித்துவிடும். டைனமிக் மைக்குக்கு வாயை அருகில் கொண்டு போக வேண்டும். பதிலுக்கு, தூரத்துச் சத்தத்தை அது அதிகம் வாங்காது. முன்பக்கக் குரலை மட்டும் முதன்மையாக வாங்கும் 'கார்டியாய்ட்' வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. முதல் மைக்குக்கு இரண்டு வாசல் இருந்தால் நல்லது. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் டைனமிக் வகை. இரண்டிலும் யுஎஸ்பி, மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் என இரு இணைப்புகள் உண்டு. ஹெட்போன் துளையும் ஆன்-ஆஃப் சுவிட்சும் உடம்பிலேயே இருக்கின்றன. இன்றைக்கு யுஎஸ்பி வழியாகக் கணினியில் செருகலாம். நாளை பெரிய அமைப்புக்குப் போனால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் கேபிளில் மாட்டலாம். லினக்ஸில் தொடங்குபவருக்கு இவற்றில் ஒன்றைத்தான் நான் முதலில் சொல்வேன்.

8. எக்ஸ்எல்ஆர் மைக் என்றால் இன்டர்ஃபேஸைச் சோதியுங்கள். இங்கே லினக்ஸோடு பேசுவது மைக் அல்ல, மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசை லினக்ஸ் பயனர்களிடம் நெடுநாளாகப் புழங்குவது. அதன் உள் அமைப்புகளை மாற்றுவதற்கான நிரலை ஜெஃப்ரி பென்னட் எழுத, அது கர்னலிலேயே சேர்ந்திருக்கிறது. கண்டென்சர் மைக் மாட்டுவதானால், கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் அதில் இருக்க வேண்டும். ஷூர் எஸ்எம்7பி மாதிரி மெல்லிய சமிக்ஞை தரும் மைக்குக்கு 60 டெசிபல் அளவு கெயின் தேவை. ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் அது 56 டெசிபல், நான்காம் தலைமுறையில் 69. வாங்கும் முன் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

9. இருவர் பேசினால் இரண்டு யுஎஸ்பி மைக் வேண்டாம். ஒவ்வொரு யுஎஸ்பி மைக்குக்குள்ளும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பதிவு நீள நீள, கேள்வியும் பதிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். போதாததற்கு, ஒலிப்பதிவுச் செயலியான ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு சாதனத்திலிருந்துதான் பதிவு செய்யும். இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக்கும் இரு உள்ளீடு உள்ள ஒரே இன்டர்ஃபேஸும்தான் சரியான வழி. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ப்ளூ யெட்டி போல இருதிசை அமைப்பு உள்ள ஒரே மைக்கை மேசை நடுவில் வைத்து எதிரெதிரே உட்காரலாம். யெட்டி கண்டென்சர் வகை என்பதால் அமைதியான அறை கட்டாயம்.

10. காலர் மைக்கின் முனையில் கோடுகளை எண்ணுங்கள். 3.5 மிமீ முனையில் மூன்று கறுப்புக் கோடு இருந்தால் அது போனுக்கும் ஒற்றைத் துளை மடிக்கணினிக்கும் பொருந்தும். இரண்டு கோடு இருந்தால் கேமராவுக்கும், மைக்குக்கென்று தனித் துளை உள்ள கணினிக்கும். போயா பிஒய்-எம்1 மைக்கில் போன், கேமரா என்று மாற்றும் சுவிட்ச் உண்டு. தவறான பக்கம் இருந்தால் குரல் சரியாகப் பதிவாகாது. மடிக்கணினித் துளையில் 'உஸ்' என்ற இரைச்சல் வந்தால் ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி அதில் மாட்டுங்கள். மைக்கைக் குறை சொல்லும் முன் இதைச் செய்துபாருங்கள்.

11. புளூடூத் இயர்போனில் பதிவு செய்யாதீர்கள். பாட்டு கேட்கும்போது அது அருமையாக இருக்கும். மைக்கை இயக்கிய நொடியில் புளூடூத் தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறிவிடும். அப்போது ஒலி மாதிரி எடுக்கும் வேகம் வழக்கமாக 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். குரல் போனில் பேசுவது போலவே பதிவாகும். ரீல்ஸ் எடுக்க வாங்கிய வயர்லெஸ் காலர் மைக் வீட்டில் இருந்தால் அதன் டைப்-சி ரிசீவரை மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். பல ரிசீவர்கள் சாதாரண யுஎஸ்பி மைக்காகவே லினக்ஸில் தெரியும்.

வீட்டுக்கு வந்த பின்

12. முதல் சந்தேகம் கேபிள் மீது. மைக்கைக் கணினி கண்டுகொள்ளவே இல்லையா? பெட்டியோடு வந்த கேபிளையே போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டில் கிடக்கும் சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும் ஆனவை. மைக்கில் விளக்கு எரியும், ஆனால் ஒலி வராது. யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியிலேயே செருகுங்கள்.

13. மூன்று படிச் சோதனை. முதல் படி: டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். வரும் பட்டியலில் மைக்கோ அதன் கம்பெனியோ தெரிந்தால் இணைப்பு சரி. இரண்டாம் படி: ஒலி அமைப்புகளில் 'உள்ளீடு' பகுதியில் அந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். மைக்கை விரலால் லேசாகத் தட்டியும் அளவுக்கோடு துள்ளவில்லை என்றால், பதிவாவது மடிக்கணினியின் சொந்த மைக்காக இருக்கலாம். மூன்றாம் படி: ஆடாசிட்டியில் மோனோ, 48000 ஹெர்ட்ஸ் என்று வைத்து ஒரு நிமிடம் பேசுங்கள். உபுண்டு 22.10 முதல் வரும் பைப்வயர் ஒலிச் சேவையும் இயல்பாக 48000-இல்தான் ஓடுகிறது. உச்சக் குரல் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் கெயின் சரி.

14. "பப்பாளி, பம்பரம், பாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். 'ப' வரும் இடத்தில் 'டப்' என்று காற்று மோதும் சத்தம் கேட்டால், அலைவரைபடத்தில் அந்த எழுத்து மட்டும் ஈட்டி போல எழுந்து நிற்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரமாகக் கொஞ்சம் தள்ளி, நான்கு விரல் தூரத்தில் வையுங்கள். பஞ்சு உறை மாட்டுங்கள். அடுத்து எதுவும் பேசாமல் 10 விநாடி பதிவு செய்து, ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ரீங்காரம் இருந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிவு செய்யுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலி எர்த் இல்லாத சார்ஜர் வழியாக வருவது சகஜம்.

15. அறையைச் சரிசெய்வது பாதி மைக்குக்குச் சமம். மின்விசிறியை நிறுத்துங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பேசுங்கள். மேசை மேல் தடித்த போர்வையை மடித்து விரித்தால் எதிரொலி நன்றாகக் குறையும். குக்கர் விசில் நேரத்தை வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு பதிவைத் தொடங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரைச்சல் மிஞ்சினால் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற கட்டற்ற செயலியில் ஆர்என்நாய்ஸ் இரைச்சல் நீக்கி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் செயலியில் தேடிய வசதி இங்கே இலவசமாகவே கிடைக்கிறது.

16. வாங்கிய அன்றே சோதித்து, முடிவை எழுதுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் குறிப்பு 12 முதல் 14 வரை செய்து முடித்துவிடுங்கள். பிறகு, வாங்கிய தளத்தின் மதிப்புரைப் பகுதியில் மைக்கின் மாடல், உங்கள் இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தமிழிலேயே நான்கு வரி எழுதுங்கள். கம்பெனிகள் பெட்டியில் அச்சிடாத இந்தத் தகவலைப் பயனர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கட்டற்ற மென்பொருள் வளர்ந்ததும் இப்படித்தான். அடுத்து லினக்ஸ் மைக் தேடும் ஒருவருக்கு உங்கள் நான்கு வரி பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.