கனடாவில் முதல் வேலையும் படித்த தொழிலும்

அன்புள்ள பெறாமகனுக்கு,

நிரந்தர வதிவிட அனுமதியோடு கனடாவில் வந்து இறங்கும் ஒருவருக்கு இரண்டு வேலைகள் தேவைப்படுகின்றன. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் உடனே ஒரு வேலை வேண்டும். ஊரில் படித்துப் பழகிய தொழிலுக்குத் திரும்பிப் போக இன்னொரு வேலை வேண்டும். முதலாவது கிடைத்ததும் மற்றதை மறந்துவிடுபவர்கள் ரொறன்ரோவில் நிறையப் பேர். தொழில் கிடைக்கும்வரை வேறு எதையும் தொடமாட்டேன் என்று இருந்து கையிருப்பைக் கரைப்பவர்களும் உண்டு. இரண்டையும் முதல் கிழமையிலிருந்தே சேர்த்துக் கொண்டுபோவதுதான் சரியான வழி.

அதற்கான ஆயத்தம் விமானம் ஏறுமுன்னரே தொடங்கவேண்டும். பட்டச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. தொழில் உரிமம் வழங்கும் அமைப்புகளும் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனங்களும் பாடவாரியான பெறுபேற்றைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பவேண்டும் என்று கேட்கும். பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை நடந்து முடிக்கக்கூடிய அந்தக் காரியத்துக்கு, ரொறன்ரோவில் இருந்துகொண்டு தம்பியையோ தங்கையையோ அலையவிட்டால் மாதக்கணக்கில் இழுபடும். வேலை செய்த இடங்களிலிருந்து வாங்கும் கடிதத்தில் பதவியின் பெயரும் திகதியும் மட்டும் இருந்தால் பயன் குறைவு. என்னென்ன பொறுப்புகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாருக்குக் கீழே என்பவையும் அதில் வரவேண்டும். பழைய மேலதிகாரிகள் இருவர் மூவரின் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் கையில் இருக்கட்டும். கனடாவில் வேலை கொடுப்பவர்கள் உண்மையாகவே அழைத்து விசாரிப்பார்கள். இலங்கை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் சாரதி அனுபவத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றும் எடுக்கவேண்டும். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் எழுத்துப் பரீட்சை எழுதி ஜி1 சாரதி உரிமம் எடுத்தவர் அடுத்த கட்டமான ஜி2 வீதிப் பரீட்சைக்கு 12 மாதம் காத்திருக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சாரதிப் பயிற்சி எடுத்தால் 8 மாதம். ஊர் அனுபவத்துக்கான கடிதம் இருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில் விடியப்புற ஷிப்டுக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்வது பெரும்பாடு என்பதால், இந்த ஒரு கடிதம் பல வேலைகளுக்குக் கதவைத் திறக்கும்.

வந்து இறங்கியதும் எடுக்கவேண்டியது சமூகக் காப்புறுதி இலக்கம். எல்லோரும் ‘சின்’ என்பது இதைத்தான். சேர்விஸ் கனடா அலுவலகத்தில் காசு வாங்காமல் கொடுக்கும் ஒன்பது இலக்க எண் அது. வேலை தொடங்கி மூன்று நாளுக்குள் அதை முதலாளியிடம் கொடுக்கவேண்டும்; வங்கிக்கும் வருமான வரிக்கும் அது வேண்டும். வீட்டு வாடகைக்குக் கேட்பவருக்கும், நேரில் பார்க்காமலே தொலைபேசியில் வேலை தருவதாகச் சொல்பவருக்கும் அதைக் கொடுக்கக்கூடாது. வேலை தருவதற்கு முதலில் காசு கட்டு என்பவரும், காசோலை ஒன்றை அனுப்பி மாற்றி மிச்சத்தைத் திருப்பி அனுப்பு என்பவரும் மோசடிக்காரர்களே. இதற்கு விலக்குக் கிடையாது.

இலங்கையில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த தமிழர்களில் பலர் உணவகங்களில் கோப்பை கழுவியும் தொழிற்சாலைகளில் நின்றும்தான் இங்கே காலூன்றினார்கள். அந்தச் சம்பளத்தில் சகோதரங்களை எடுப்பித்தார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். பொறியியலாளரோ ஆசிரியரோ களஞ்சியசாலையில் பெட்டி தூக்குவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அந்த வேலையின் சட்டத்தைத் தெரியாமல் நிற்பது ஆபத்து.

முதல் வேலை அநேகமாக ஏஜென்சி மூலம்தான் கிடைக்கும். ஒன்ராறியோவில் 2024 ஜூலை 1 முதல் தற்காலிகத் தொழிலாளர் ஏஜென்சிகள் அரசின் உரிமம் பெற்றிருக்கவேண்டும். வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் ஒரு சதமும் வாங்கக்கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். வாரத்தில் 44 மணி நேரத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும், பெரும்பாலான வேலைகளில், ஒன்றரை மடங்கு. அந்தச் சம்பளத்தில் 48 மணி நேரம் செய்தவருடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால், முதல் 44 மணி நேரத்துக்கு 774.40 டொலரும் மிச்சம் 4 மணி நேரத்துக்கு மணிக்கு 26.40 வீதம் 105.60 டொலருமாக, மொத்தம் 880 டொலர் இருக்கவேண்டும். 844.80 என்று இருந்தால் மேலதிக நேரக் கணக்கு விடுபட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே ஓய்வூதியத் திட்டம், வேலையிழப்புக் காப்புறுதி, வருமான வரி ஆகிய கழிவுகள் வரும். விடுமுறைச் சம்பளம் குறைந்தது 4 வீதம். அது அந்தச் சீட்டிலேயே சேர்ந்து வருகிறதா, தனியாகச் சேர்த்து வைக்கப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். இதில் பிழை இருந்தால் மாகாணத் தொழில் அமைச்சில் இரண்டு வருடத்துக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கையில் காசு தருகிறேன் என்று கூப்பிடும் வேலைகளும் வரும், அதுவும் பெரும்பாலும் தெரிந்தவர் மூலம். வரி பிடிக்காத காசு முதல் மாதம் இனிக்கும். சம்பளச் சீட்டும் வருட வருமானத்தைக் காட்டும் டி4 படிவமும் இல்லாதவருக்குச் செய்த வேலைக்குச் சாட்சி எதுவும் இராது. வாடகைக்கு வீடு கேட்கும்போதும், வங்கியில் கடன் கேட்கும்போதும், இயந்திரத்தில் கை அகப்பட்டு இழப்பீடு கேட்கும்போதும் அந்த வெறுமை தெரியும். பாதுகாப்பில்லாத வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை ஒன்ராறியோ சட்டத்தில் உண்டு. வந்த புதிதில் அந்த உரிமையைப் பயன்படுத்தக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் பயிற்சி கொடுக்காமல் போர்க்லிஃப்டில் ஏறச் சொன்னால் ஏறக்கூடாது.

முதல் வேலையைத் தெரிவு செய்ய வாய்ப்பிருந்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் படித்த தொழிலுக்குப் பக்கத்தில் நிற்கும் வேலையைப் பிடிப்பது புத்தி. மருந்தாளர் மருந்தகத்தில் உதவியாளராகச் சேரலாம். கணக்காளர் சிறு கம்பனியில் சம்பளப் பட்டியல் போடலாம். சிவில் பொறியியலாளர் மண்ணும் கொங்கிறீற்றும் சோதிக்கும் ஆய்வுகூடத்திலோ வரைபட வேலையிலோ நுழையலாம். அங்கே காதில் விழும் தொழில்மொழி, பழகும் மென்பொருள், அறிமுகமாகும் மேற்பார்வையாளர் எல்லாம் மணிக்கு இரண்டு டொலர் கூடத் தரும் இரவு ஷிப்டைவிடப் பெறுமதியானவை.

இனிப் படித்த தொழில். எந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முதலில் பார்க்கவேண்டும். மென்பொருள் எழுதுவதற்கும் விற்பனைக்கும் கணக்கு எழுதுவதற்கும் உரிமம் தேவையில்லை. மருத்துவம், தாதியம், அரச பள்ளி ஆசிரியம், மின்னிணைப்பு போன்றவற்றுக்கு வேண்டும். பொறியியலாளர் என்ற பட்டத்தோடு பொறுப்பேற்றுக் கையொப்பமிடுவதற்கும் வேண்டும். குடிவரவுக்காக எடுத்த சான்றிதழ் மதிப்பீட்டையே உரிமம் என்று நம்பி ஏமாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பட்டம் கனடாவில் எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று மட்டுமே அது சொல்லும். தொழில் செய்ய அனுமதிப்பது அந்தந்தத் தொழிலின் ஒழுங்குபடுத்தும் அமைப்பு. தாதியருக்கு ஒன்ராறியோ தாதியர் கல்லூரி, ஆசிரியர்களுக்கு ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் அவை படிப்பிக்கும் இடங்கள் அல்ல. விண்ணப்பம் அங்கே எவ்வளவு முந்திப் போகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் இந்த வழியில் காத்திருப்பதுதான் அதிகம்.

“கனடிய அனுபவம் இருக்கிறதா?” என்ற கேள்வி பல பேரின் வருடங்களை விழுங்கியிருக்கிறது. சட்டம் அந்தச் சுவரை மெதுவாக உடைத்துக்கொண்டு வருகிறது. 2006இல் ஒன்ராறியோ, உரிமம் வழங்கும் முறை நியாயமாகவும் வெளிப்படையாகவும் இருக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. கனடிய அனுபவத்தைக் கட்டாய நிபந்தனையாக வைப்பது முதல் பார்வையிலேயே பாரபட்சம் என்று 2013இல் மாகாண மனித உரிமை ஆணைக்குழு கொள்கை வெளியிட்டது. பொறியியலாளர் உரிமத்துக்கு வேண்டியிருந்த 12 மாதக் கனடிய அனுபவ நிபந்தனை 2023 மே மாதத்தில் நீக்கப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று போடமுடியாது. வருடச் சம்பளம் 2 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பதவிகள் தவிர மற்றவற்றுக்குச் சம்பள வீச்சையும் போடவேண்டும். ஆகவே பழைய ஆட்கள் “இங்கத்தைய அனுபவம் இல்லாமல் சரிவராது” என்று சொல்வதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடக்கூடாது. அவர்கள் சொல்வது அவர்கள் வந்த காலத்து உண்மை.

உரிமத்துக்கான பரீட்சைக்கும் படிப்புக்கும் செலவு கூட. வெளிநாட்டில் தகைமை பெற்ற குடிவரவாளர்களுக்கென்றே விண்ட்மில் என்ற அறநிறுவனம் 15,000 டொலர் வரை கடன் கொடுக்கிறது. மாகாணத்தின் நிதியுதவியோடு நடக்கும் இணைப்புப் பயிற்சி வகுப்புகள் தொழில் மொழியையும் உள்ளூர் விதிகளையும் படிப்பித்து, சிலவேளை வேலைப் பயிற்சியும் எடுத்துத் தரும். வேலை தேட உதவும் எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ நிலையங்களில் ஆலோசனை இலவசம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு அரசின் லிங்க் ஆங்கில வகுப்பும் இலவசம். ஊரில் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அந்த வகுப்பைத் தங்களுக்கில்லை என்று ஒதுக்குவது பிழை. வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களுக்குக்கூடக் கட்டுமான இடத்துப் பேச்சும் தொலைபேசிப் பேச்சும் பிடிபட நாளெடுக்கும்.

ரெசுமேயில் படம், வயது, சமயம், திருமணம், பெற்றோர் பெயர் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும். “வீதித் திட்டத்தில் பொறியியலாளராகக் கடமையாற்றினார்” என்பதில் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எத்தனை கிலோமீற்றர் வீதி, எவ்வளவு செலவுத் திட்டம், எத்தனை பேரை வழிநடத்தினார், என்ன பிரச்சினையைத் தீர்த்தார் என்று எழுதினால் மனிதர் கண்ணுக்குத் தெரிவார். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதை மாற்றி எழுதவேண்டும். ஒரே ரெசுமேயை நூறு இடத்துக்கு அனுப்புவதைவிடப் பத்து இடத்துக்குப் பொருத்தி எழுதுவது நல்லது.

அப்படி எழுதியும் அழைப்பு வராமல் போகலாம். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸ் ஆயிரக்கணக்கான கற்பனை ரெசுமேக்களை அந்த நகரத்து வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு ஆங்கிலப் பெயர்களைவிடக் குறைவாகவே அழைப்பு வந்தது. வெளிநாட்டு அனுபவமும் அதேபோல் பின்தள்ளப்பட்டது. மணியடிக்காத தொலைபேசியை வைத்து யாரும் தன் தகுதியை அளந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெயரை மாற்றவும் தேவையில்லை. முன்பின் தெரியாதவரின் மேசையில் விழும் காகிதத்துக்குத்தான் இந்தத் தடை மிகக் கடுமை. ஒருவர் அறிமுகப்படுத்திப் போகும் இடத்தில் அது தளர்ந்துவிடும். ட்ரீயெக் என்ற அமைப்பு 2004 முதல், புதிதாக வந்தவரை அதே தொழிலில் இருக்கும் ஒருவரோடு இணைத்துவிடுகிறது. தொழில்சார் சங்கக் கூட்டம், தொண்டு வேலை, பழைய வகுப்புத் தோழர் என்று வேறு வழிகளும் உண்டு. தமிழ்ச் சனத்தின் உதவி முதல் வேலைக்குப் போதும். தொழிலுக்குத் திரும்ப அந்த வட்டத்துக்கு வெளியிலும் ஆட்களைத் தெரிந்திருக்கவேண்டும்.

நேர்முகத் தேர்வில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பிறந்த ஊரும் படித்த பள்ளிக்கூடமும் வேண்டாம்; செய்யும் தொழிலைப் பற்றி இரண்டு நிமிடம் போதும். “மற்றவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று நிச்சயம் கேட்பார்கள். அப்படி ஒன்றும் வந்ததில்லை என்பது பணிவான பதில், ஆனால் தோற்கும் பதில். கிளிநொச்சிப் பக்கம் வீதி வேலையில் நின்ற ஒருவர் என்றால், ஒப்பந்தக்காரர் இறுக்கிய மண் சோதனையில் தவறியதையும், அவர் அவசரப்படுத்தியபோதும் தார் போடவிடாமல் நிறுத்தியதையும், மறுசோதனைப் பெறுபேற்றை எழுத்தில் கொடுத்ததையும், இரண்டு நாளில் அந்தப் பகுதி திரும்ப இறுக்கப்பட்டதையும் ஒழுங்காகச் சொல்லலாம். எல்லோரும் சேர்ந்து செய்தோம் என்று தன் பங்கை மறைத்துவிடுவது நம் ஆட்களின் வளர்ப்பு. கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவதோ அந்த ஒருவரின் பங்கை மட்டும்தான்.

கணவன் மனைவி இருவரும் படித்தவர்களாக இருக்கும் வீடுகளில், யாருடைய உரிமம் முதலில் என்று வெளிப்படையாகப் பேசவேண்டும். பேசாமல் விட்டால் மனைவியின் தொழில்தான் பின்னுக்குப் போகும். பிள்ளை, சமையல், ஷிப்டு என்று அது அப்படியே கிடந்துவிடும். ஒருவர் சம்பளத்தில் நிற்க மற்றவர் படிப்பதும், பிறகு முறை மாற்றுவதும் பல குடும்பங்களில் நன்றாக நடந்திருக்கிறது. முறை மாறும் மாதத்தை முன்கூட்டியே குறித்துவைத்த வீடுகளில்தான் அது நடந்தது.

தொழிலில் முதல் வாய்ப்பு ஊரில் இருந்த பதவியைவிட ஓரிரு படி கீழேதான் வரும். அதை ஏற்பது நட்டமல்ல. ஆனால் சம்பளம், நேரம், சோதனைக் காலம் எல்லாம் எழுத்தில் வாங்கவேண்டும், ஏனென்றால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்ராறியோவில் முன்னறிவித்தல் இல்லாமலே ஒருவரை நிறுத்திவிடலாம். அந்தக் கடிதம் கையில் வரும்வரை பழைய வேலையை விடக்கூடாது. தகுந்த காரணமில்லாமல் தானாக விலகுபவருக்கு வேலையிழப்புக் காப்புறுதியும் கிடையாது. விலகும்போது இரண்டு கிழமை முன்னறிவித்தல் கொடுத்து, மேற்பார்வையாளரிடம் சான்றுக் கடிதமும் அவருடைய தொலைபேசி இலக்கமும் கேட்டு வாங்கவேண்டும். அடுத்த முதலாளி விசாரிக்கப்போகும் முதல் கனடிய ஆள் அவர்தான்.

அன்புடன்,
பெரியப்பா