முறைத் தண்ணீரும் தலைவர் சொல்லும்

தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவரை ஆயக்கட்டு உழவர்களே தேர்ந்தெடுக்கின்றனர். அப்பொறுப்பு உங்களுக்கு வந்திருந்தால், மதகைப் பழுது பார்ப்பதைப் போலவே தண்ணீர் வரும் நேரத்தைத் தெளிவாகச் சொல்வதும் உங்கள் வேலையாகும்.

"வியாழன் இரவு 2 மணிக்கு உங்கள் முறை" என்று சொல்கிறீர்கள். உழவர் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். அவர் வியாழன் பகல் கழிந்து, இரவில் மண்வெட்டியுடன் போவார். கடிகாரக் கணக்கிலோ நள்ளிரவு 12 மணிக்கே நாள் மாறிவிடுகிறது. பட்டியலில் உள்ள "வியாழன் 2 மணி" என்பது புதன் இரவு கழிந்து வரும் 2 மணி. அவர் மடைக்குப் போகும்போது முறை முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். நெல் பொதிப் பருவத்தில் இருந்தால் இந்த ஒரு முறை தவறியதாலேயே பதர் மிகும். ஆகவே, "புதன் இரவு படுத்து, வியாழன் விடியுமுன் 2 மணி" என்று சொல்லுங்கள். முறை முடியும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர்கள் சிலர் இன்றும் நாழிகையில் கணக்கிடுவர். 5 நாழிகை என்பது 2 மணி நேரம்.

"புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை. நாலு பேர் நடுவில் புரியவில்லை என்று யார்தான் சொல்வார்? "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்; எப்ப மடைக்குப் போவீங்க, ஒருதரம் சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். மூத்தவர்களுக்கும் இதில் மனத்தாங்கல் வராது.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். பட்டாதாரர் நகரத்தில் இருப்பார். பயிர் செய்பவர் குத்தகைதாரராக இருப்பார். கணவர் வெளியூரில் வேலை பார்க்க, மனைவியே வயலைக் கவனிப்பதும் உண்டு. எனவே மடை திறக்கப் போகிறவரின் பெயரே உங்கள் பட்டியலில் இருக்கவேண்டும். கடைமடைக்காரருக்கு முதலில் சொல்லுங்கள். வழக்கத்தில் அவருக்குத்தான் செய்தி கடைசியாகப் போகிறது.

தண்ணீர் திறக்கும் நாள் உறுதியாகாதபோது "சீக்கிரம் வந்துவிடும்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அதை நம்பி ஒருவர் நாற்று விட்டுவிடுவார். குறுகிய கால நெல்லுக்கு 18 முதல் 22 நாள் நாற்றே ஏற்றது. தண்ணீர் தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும், தூர் குறையும். "15-ஆம் தேதிக்கு முன் வராது. அதற்குப் பின் எந்த நாள் என்பது இன்னும் முடிவாகவில்லை. 10-ஆம் தேதி மாலை மறுபடி சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன மாலையில், புதுச் செய்தி இல்லாவிட்டாலும், இல்லை என்பதையே சொல்லவேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பும் தலைவர்கள் "இன்று", "நாளை" என்ற சொற்களை விலக்குவது நலம். மறுநாள் படிப்பவருக்கு அந்த "நாளை" தவறாகிவிடும். தேதியும் கிழமையும் எழுதுங்கள். முறை மாறினால், "12-ஆம் தேதி சொன்ன பட்டியல் ரத்து" என்பதே முதல் வரியாக இருக்கட்டும். போன் இல்லாதவர்களுக்கு நீர்கட்டியை நேரில் அனுப்புங்கள்.

தண்ணீர் குறைந்து ஒருவரது நேரத்தை வெட்ட நேர்ந்தால், அவர் மடைக்குப் போய்த் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். நீங்களே முன்னதாகப் போய், எத்தனை மணி நேரம் குறைகிறது, ஏன் குறைகிறது, யார் யாருக்குக் குறைகிறது என்பதைச் சொல்லுங்கள். உங்கள் வயலுக்கும் அதே அளவு வெட்டு உண்டென்றால் அதை முதலில் சொல்லலாம்.