பையும் சான்றும்



சென்ற பொங்கல் விடுமுறையில் திருப்பதியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் சென்றேன். சித்தூரை நெருங்குகையில் காவலர் வண்டியை நிறுத்திச் சோதனையிட்டனர். நின்றுகொண்டு வந்த பெரியவர் ஒருவர் கொடுத்த பை என் மடியில் இருந்தது. “யாருடையது?” என்று கேட்டதும் எனக்கு நா வறண்டது. பையில் இருந்தவை பொரியும் கடலையுமே. மடியில் கனமில்லாவிடினும் வழியில் பயமுண்டு என்பதை அன்று கண்டேன். பையில் கஞ்சா இருந்திருந்தால் எதனைச் சான்றாகக் கொள்வர்?

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் பிறந்தது. கஞ்சா 20 கிலோவுக்கு மேற்பட்டால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். தண்டனை பெரிது, ஆகவே சான்றும் திட்பமாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, உடைமை. பொருள் கையிலிருப்பது மட்டும் போதாது. அறிந்து வைத்திருத்தலே குற்றம். ஆயினும், உடைமை நிலைநாட்டப்பட்டபின் ‘அறியேன்’ என்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று, காரில் சரஸ் பிடிபட்ட மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-ல் கூறியது.

இரண்டாவது, சோதனை. ஒருவரது உடலைச் சோதிக்குமுன், நடுவர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்பெறும் உரிமை அவருக்கு உண்டென்று அறிவித்தல் வேண்டும். இது சட்டத்தின் 50-ஆம் பிரிவு. கைப்பைக்கு இப்பிரிவு பொருந்தாது என்பது 2005-ஆம் ஆண்டுப் பவன்குமார் தீர்ப்பு. சென்னைப் புழலருகே கார் ஒன்றை மடக்கியதில் எழுந்த தூஃபான் சிங் வழக்கிலோ, விசாரணை அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளலாகாது என்று 2020-ல் தீர்ப்பாயிற்று.

மூன்றாவது, பொருள். இது நம் வேதியியலைச் சார்ந்தது. ‘ஃபாஸ்ட் புளூ பி’ என்னும் சாய உப்பைச் சேர்த்துச் செந்நிறம் காண்பது முதற்குறியே, முடிவன்று. தடயவியல் ஆய்வுக்கூடம் நிறச்சாரல் பிரிகை முதலிய முறைகளால் உறுதி செய்யும். செடியின் பூத்த, காய்த்த நுனிகளே சட்டப்படி கஞ்சா. அந்நுனிகளின்றி இலையும் விதையும் மட்டும் இருப்பின் அது கஞ்சா ஆகாது. மாதிரியை நடுவர் முன்னிலையிலேயே எடுக்க வேண்டும் என்று 2016-ல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. சோதனைக்குழாய் எவ்வளவு தூயதாயினும், வந்த மாதிரி மாறியிருந்தால் விடையும் பொய்யே அன்றோ?

இவ்வூரில் மகஜர் தெலுங்கில் எழுதப்பெறும். படிக்க இயலாத தாளில் ஒப்பமிடுதல் பெருந்தவறு; பொருளைக் கேட்டறிந்த பின்னரே ஒப்பமிடுக. தமிழ் மாணவராகிய நாம் தெலுங்கு எழுத்தைக் கற்பது இதற்கும் பயன்படும். அயலார் பையை வாங்கி மடியில் வைக்கும் அன்பு நல்லதே. அதற்குரியவர் இன்னார் என்று அருகிருப்போர் அறிய உரக்கக் கேட்டுவிட்டு வாங்குவது அதனினும் நன்று.