மலையில் நிலம் வாங்கும் முன்

செய்யூர்

அன்புள்ள தம்பி,

நீலகிரியில் ஓர் ஏக்கர் வாங்கி, உண்பதையெல்லாம் நீயே விளைவித்து வாழ வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஆசைதான். ஆனால் மே மாதத்து ஊட்டியைப் பார்த்து முடிவெடுக்காதே. ஓர் ஊர் தன்னிறைவு வாழ்வுக்கு ஏற்றதா என்பதை அதன் மிகக் கடினமான மாதத்தை வைத்தே எடைபோட வேண்டும். நம் செய்யூர்ப் பக்கம் அது ஏரி வற்றும் கோடை. அங்கே அது டிசம்பரும் ஜனவரியும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நாம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து விதைக்கும் நெல் அந்த உயரத்தில் விளையாது, தென்னையும் வராது. அரிசியும் எண்ணெயும் கீழிருந்துதான் ஏற வேண்டும். விளைகிற காய்கறிக்கோ உறைபனி எதிரி. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில், குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். விடியலில் பள்ளத்துப் புல் வெள்ளையாக விறைத்திருக்க, சற்று மேலே சரிவு பச்சையாகவே இருக்கும். தண்ணீரும் சமநிலமும் இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். பனிக்குத் தப்பிச் சரிவுக்குப் போனால் மண்சரிவு அச்சம். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. விறகையும் கணக்கில் சேர்த்துக்கொள். மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது.

"பசுமைக்குடில் போட்டால் பனி என்ன செய்யும்?" என்பாய். பனியைத் தடுக்கலாம், ஆனால் குழாயும் பிளாஸ்டிக் விரிப்பும் பணம் கேட்கும், பணத்துக்குச் சந்தை வேண்டும். அது நல்ல விவசாயமாக இருக்கலாம், தன்னிறைவு ஆகாது. "மக்கள் அங்கே நூற்றாண்டுகளாக வாழவில்லையா?" என்றும் கேட்பாய். வாழ்ந்தார்கள், ஆனால் தனித்து வாழவில்லை. படுகர் சாமையும் கேழ்வரகும் விளைவித்தார்கள். தோடர் எருமை வளர்த்து நெய் தந்தார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். நான்கு சமூகங்கள் கொடுத்து வாங்கிக்கொண்டதால்தான் அந்தக் குளிரில் வயிறு நிறைந்தது. உறைபனி கடுமையான லடாக்கிலும் அப்படித்தான்: கோடையில் பனி உருகி வரும் வாய்க்கால் நீரை ஊரே முறைவைத்துப் பங்கிட்டு, ஒரே போகம் பார்லி எடுத்து, குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். குளிர்நிலத்தில் தன்னிறைவு ஊருக்கு வாய்க்கும். ஒற்றை வீட்டுக்கு வாய்ப்பது அரிது.

ஆகவே விலை பேசுமுன் ஜனவரியில் போய்த் தங்கு. விடியலில் நிலத்தில் இறங்கி, பனி எந்த வரப்புவரை வந்திருக்கிறது என்று பார். மார்ச்சிலும் ஊற்றில் நீர் வருமா, காட்டுப்பன்றி எந்தப் பயிரைத் தொடாது, விதைத் தானியம் யாரிடம் இருக்கிறது என்று பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், விசாரி. உனக்கு இல்லாததை அவர்களும் அவர்களுக்கு இல்லாததை நீயும் தர முடியும் என்று தெரிந்தால் மட்டும் முன்பணம் கொடு. இல்லையென்றால் அந்த நிலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்