ஒரே வினாகிரிக்கு இரண்டு கணக்கு

அக்கரப்பத்தனைத் தங்கைக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. கடை வினாகிரியின் பீஎச் 2.45, அதன்படி ஐதரசன் அயன் லீற்றருக்கு 0.0035 மூல்தான். நியமிப்பிலோ அமிலச் செறிவு 0.70 என்று வருகிறது. இருநூறு மடங்கு வித்தியாசம்! எதை வெட்டிவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் விட்டுவையுங்கள்.

நியமிப்பைச் சரிபார்த்தேன். வினாகிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி, குழாயியால் 25 மில்லிலீற்றர் எடுத்திருக்கிறீர்கள். அளவியிலிருந்து, லீற்றருக்கு 0.10 மூல் கொண்ட சோடியமைதரொட்சைட்டு 17.50 மில்லிலீற்றர் இறங்கியிருக்கிறது. ஆக 0.00175 மூல் காரம். அசற்றிக்கமிலம் அதனோடு ஒன்றுக்கு ஒன்று தாக்கமடைவதால் அமிலமும் அவ்வளவே. 0.025 ஆல் வகுத்தால் 0.070, ஐதாக்கியதற்குப் பத்தால் பெருக்கினால் 0.70. லீற்றருக்கு 42 கிராம். போத்தலில் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் அது பொய்யில்லை. (சல்பூரிக்கமிலமாயிருந்தால் காரத்தின் மூலைப் பாதியாக்க வேண்டும். பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.)

அசற்றிக்கமிலம் ஒரு மென்னமிலம். உங்கள் வினாகிரியில் இருநூறு மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் அயனாகியிருக்கிறது. பீஎச் காட்டுவது அதை மட்டும். காரம் சொட்டச் சொட்ட, தீர்ந்துபோன அயன்களின் இடத்துக்கு மற்ற மூலக்கூறுகள் பிரிந்து வந்துகொண்டே இருக்கும். நியமிப்பு அத்தனையையும் எண்ணிவிடுகிறது. 1729இல் பிரான்சில் ஜொஃப்ருவா வினாகிரியின் வீரியத்தை அளந்தபோது காட்டி எதுவும் இல்லை. பொற்றாசியம் காபனேற்றைப் போட்டு, நுரைப்பது நிற்கும்வரை பார்த்தார்.

உங்கள் தோட்டத்து மண்ணிலும் இதே கதைதான். தேயிலைக்குப் பீஎச் 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுவார்கள். இரண்டு மலைகள் ஒரே பீஎச்சைக் காட்டலாம். ஆனால் களியும் மக்கிய பொருளும் கூடிய மலையில் அலுமினியமும் ஐதரசனும் மண்ணோடு ஒட்டி ஒளிந்திருக்கும். அங்கே கூடுதல் டொலமைட் வேண்டும். எவ்வளவு என்று பீஎச் மட்டும் சொல்லாது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தானே, வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

மறுபடி நியமிப்புக்கு வருவோம். காட்டியாகப் பினோப்தலீனைத் தேர்ந்தது சரி. முடிவில் கிடைக்கும் சோடியம் அசற்றேற்றுக் கரைசலின் பீஎச் 8.7 அளவில் நிற்கும். அதே ஐதாக்கிய வினாகிரியை மெதைல் செம்மஞ்சளோடும் ஒருமுறை நியமியுங்கள். மூன்றிலொரு பங்கு அமிலம் தீருமுன்பே அது மஞ்சளாகிவிடும். எத்தனை மில்லிலீற்றரில் மாறியது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்