விமான இயந்திர வேலையும் கையில் உள்ள தொழிலும்

ஸ்ரீலங்கன் விமான சேவையின் ஏ330 விமானங்கள் ரோல்ஸ் ரொய்ஸ் இயந்திரங்களால் பறக்கின்றன. இந்த பிரித்தானியக் கம்பனி, இந்தியாவின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுடன் 2010இல் உடன்பாடு செய்து, பெங்களூரில் இயந்திர பாகங்களைச் செய்விக்கிறது. அங்கே பொறியியலாளர் மட்டும் போதாது. வரைபடம் வாசித்து, உலோகத்தைக் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளப்பவர்களும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்தபோது உங்கள் பிள்ளை லேத் அல்லது வெல்டிங் வேலை பழகியிருந்தால் அது வீண்போகாது. படித்த சான்றிதழ் இல்லாவிட்டாலும், செய்து பழகிய திறமையைக் காட்டி தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டு. அது மட்டும் விமான வேலை தராது. ஆனால் எந்தப் பட்டறையிலும் வேலை கேட்க அதுவே முதற்படி.

செய்ய வேண்டியவை:

1. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள்.

2. வேலை செய்த பட்டறையின் கடிதம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

3. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் திறமைச் சோதனை பற்றி விசாரியுங்கள். புதிதாகப் பழக விரும்புவோர் இரத்தினபுரி, கேகாலை தொழில்நுட்பக் கல்லூரிகளில் கேளுங்கள்.

4. “விமானக் கம்பனியில் வேலை” என்று முகவர் பணம் கேட்டால் உடனே கொடுக்காதீர்கள். அவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டறியுங்கள். தொலைபேசி: 1989.